மிரியட்: ‘ஆஃப்’ போடலாமா, கூடாதா?

ஆங்கிலத்தில் ‘ஏராளம்’, ‘எண்ணற்றவை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டுமே என்று பலர் தேடி எடுக்கும் சொல் மிரியட். வேலை விண்ணப்பக் கடிதம், ஐஇஎல்டிஎஸ் கட்டுரை, கல்லூரி ஆண்டு மலர், நாளிதழ்த் தலையங்கம் என்று எங்கும் அது தலைகாட்டும். கூடவே ஒரு சண்டையும் வரும். ஒருவர் ‘எ மிரியட் ஆஃப் ரீசன்ஸ்’ என்று எழுதுவார். இன்னொருவர் அந்த ‘ஆஃப்’பைச் சிவப்பு மையால் அடித்து, “மிரியட்டுக்குப் பின்னால் ஆஃப் வரக் கூடாது, ‘மிரியட் ரீசன்ஸ்’ என்றுதான் எழுத வேண்டும்” என்பார். முதலாமவர் பேசாமல் திருத்திக்கொள்வார்.

திருத்தியிருக்க வேண்டியதில்லை. இரண்டும் சரியான ஆங்கிலம்தான். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சண்டை நடக்கும்போதே பக்கத்தில் உண்மையான தவறுகள் யார் கண்ணிலும் படாமல் தாண்டிப் போய்விடுகின்றன. ‘தேர் ஆர் மிரியட் ஆஃப் ரீசன்ஸ்’ என்பது அதில் ஒன்று. ‘மிரியட் இன்ஃபர்மேஷன்’ இன்னொன்று. இவை ஏன் தவறு, முதலில் சொன்ன இரண்டும் ஏன் சரி என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் போதும்.

பத்தாயிரமா, எண்ணற்றதா?

மிரியட் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு நேர்ப்பொருள் பத்தாயிரம். இதைக் கேள்விப்பட்டவர்கள் சிலர், ‘அப்படியானால் எண்ணற்ற என்ற பொருளில் எழுதுவதே பிழை’ என்றுகூடச் சொல்வதுண்டு. ஆனால் கிரேக்கர்களே அதை இரண்டு பொருளிலும் வழங்கினார்கள். ஹோமரின் காவியங்களில் அந்தச் சொல்லுக்கு எண்ணற்ற, அளவிறந்த என்ற பொருள்தான். சரியாகப் பத்தாயிரம் என்ற பொருள் அவருக்கு அடுத்து வந்தவர்களிடம்தான் காணப்படுகிறது. பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள் உச்சரிப்பை வைத்து இரண்டையும் பிரித்தார்கள். அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பத்தாயிரம், இரண்டாம் அசையில் விழுந்தால் எண்ணற்ற.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. “ஆயிரம் வேலை கிடக்கு” என்று சொல்பவரிடம் யாரும் பட்டியல் கேட்பதில்லை. ‘ஆயிரம்தான் இருந்தாலும்’ என்பதில் ஆயிரம் ஓர் எண்ணே அல்ல. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். அதற்காகப் பெயரை யாரும் மாற்றவில்லை. அன்றாட வாழ்வில் எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லாத அளவுக்குப் பெரிய முழு எண் ஒன்று, நாளடைவில் ‘மிகப் பல’ என்ற பொருளை ஏற்றுக்கொள்கிறது. சீனர்களுக்கும் அந்த எண் பத்தாயிரம்தான். சீனப் பெருஞ்சுவருக்குச் சீன மொழியில் உள்ள பெயர் ‘பத்தாயிரம் லீ நீளச் சுவர்’. லீ என்பது அவர்களுடைய பழைய தொலைவு அளவை. ஜப்பானியர்கள் வாழ்த்தாக முழங்கும் ‘பன்சாய்’ என்பதும் ‘பத்தாயிரம் ஆண்டு’தான்.

கிரேக்கர்களுக்குப் பத்தாயிரம் முக்கியமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. தனிப்பெயர் கொண்ட எண்களில் அவர்களுக்கு அதுவே கடைசி. நமக்கு ஆயிரத்துக்கு மேல் லட்சம், கோடி என்று பெயர்கள் உண்டு. அவர்களோ பத்தாயிரத்துக்கு மேலே போனால் ‘இரண்டு மிரியட், மூன்று மிரியட்’ என்று அதையே அலகாக வைத்து எண்ணினார்கள். மிரியட் மிரியட் என்று போனால் பத்தாயிரம் பெருக்கல் பத்தாயிரம், அதாவது பத்துக் கோடி. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் இந்தப் பத்துக் கோடியையே படிக்கட்டாக்கி மேலே ஏறினார். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் பிடிக்கும் என்று கணக்கிட்டு, சிராகூஸ் அரசன் கெலோனுக்கு எழுதினார். அவருக்குக் கிடைத்த விடை, இன்றைய முறையில் எழுதினால், 1க்குப் பின்னால் 63 சுழிகள். மணல் எண்ண முடியாதது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, எண்ணற்றதற்கு வைத்திருந்த அதே சொல்லைக் கொண்டே அவர் எண்ணிக் காட்டினார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

இந்தச் சொல்லைத் தமிழிலும் ஒருமுறை பார்த்திருப்பீர்கள். விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில், வானதூதர்களின் தொகையைச் சொல்லும்போது ‘பதினாயிரம் பதினாயிரமாக’ என்று வரும். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘மிரியட் மிரியட்களாக’ என்பதுதான். எண்ணாகவும் படிக்கலாம், எண்ணற்றதாகவும் படிக்கலாம்.

பத்தாயிரம் என்ற கறாரான பொருள் அண்மைக்காலம் வரை அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் 1795இல் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்தபோது கிலோவுக்கு மேல் ‘மிரியா’ என்று ஒரு முன்னொட்டு இருந்தது. மிரியாமீட்டர் என்றால் 10 கிலோமீட்டர். 1960இல் உலகப் பொது அலகுமுறை உருவானபோது அதைச் சேர்க்கவில்லை. உயிரியலில் மரவட்டை, பூரான் வகையறாக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு மிரியாபோடா என்று பெயர். ‘பத்தாயிரங்காலிகள்’ என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் கால் எதற்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் நிலத்தடியில் கிடைத்து 2021இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஒரு மரவட்டை இனத்தில் 1,306 கால்கள் இருந்தன. இதுவரை தெரிந்ததில் அதுதான் அதிகம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மிரியட் என்பது பத்தாயிரத்தையும் குறித்தது, எண்ணற்றதையும் குறித்தது. இரண்டாவது பொருள் யாரோ பின்னால் திரித்தது அல்ல. இன்றைய ஆங்கிலத்தில் நடைமுறையில் இருப்பது அந்த இரண்டாவது பொருள்தான்.

இரண்டு வேலை பார்க்கும் சொல்

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். இரண்டே கலைச்சொற்கள் வேண்டும். ஒரு பொருளுக்கோ கூட்டத்துக்கோ பெயராக நிற்பது பெயர்ச்சொல். ஒரு பெயருக்கு முன்னால் நின்று, அது எப்படிப்பட்டது, எத்தனை என்று சொல்வது பெயரடை. ‘பெரிய கூடை’ என்பதில் கூடை பெயர்ச்சொல், பெரிய என்பது பெயரடை.

ஒரு கூடை நிறைய மாம்பழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கிலத்தில் ‘எ பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்’ என்பார்கள். கூடை தனிப் பொருள், மாம்பழம் தனிப் பொருள். ‘இதற்குள் இருப்பது அது’ என்று இரண்டையும் கட்டிவைக்கும் கயிறுதான் ‘ஆஃப்’. பழத்தைப் பற்றி ‘இனிப்பான’ என்று சொல்ல வந்தால் ‘ஸ்வீட் மேங்கோஸ்’ போதும். இனிப்பு பழத்தோடேயே இருப்பது; நடுவே கயிறு வேண்டாம். ‘ஸ்வீட் ஆஃப் மேங்கோஸ்’ என்று யாரும் எழுதமாட்டார்கள்.

மிரியட் இந்த இரண்டு வேலையையும் செய்யும். கூடையாக நின்றால் ‘எ மிரியட் ஆஃப் ஸ்டார்ஸ்’. அதாவது, எண்ணற்ற விண்மீன்கள் அடங்கிய ஒரு கூட்டம். பெயரடையாக நின்றால் ‘மிரியட் ஸ்டார்ஸ்’. அதாவது, எண்ணற்ற விண்மீன்கள். வாசிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி இரண்டிலும் ஒன்றுதான். கூடை ஒன்றுக்கு மேல் என்று காட்ட வேண்டுமானால் ‘மிரியட்ஸ் ஆஃப் ஸ்டார்ஸ்’ என்றும் எழுதலாம்.

அப்படியானால் ‘ஆஃப் கூடாது’ என்ற விதி எங்கிருந்து வந்தது? மிரியட் பிறவியிலேயே பெயரடை என்ற நம்பிக்கையிலிருந்து. உண்மை அதற்கு நேர் எதிர். ஆங்கிலத்துக்குள் அது 16ஆம் நூற்றாண்டில் வந்தபோது பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது. அதன் வால் பகுதியே சாட்சி சொல்லும். மூன்று சேர்ந்தது ‘டிரையட்’, பத்து ஆண்டு சேர்ந்தது ‘டெக்கேட்’. இரண்டும் கூட்டப் பெயர்கள். கிரேக்கத்திலிருந்து வந்த அந்த விகுதியே மிரியட்டிலும் இருக்கிறது. ‘பத்தாயிரம் சேர்ந்த ஒரு தொகுதி’ என்பதுதான் சொல்லின் கட்டுமானம். பெயரடையாக அது நிற்கத் தொடங்கியது நெடுங்காலம் கழித்து, பெரும்பாலும் கவிஞர்களின் கையில். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் ‘மிரியட்ஸ்’ என்று பன்மைப் பெயராக எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் தோரோ ‘எ மிரியட் ஆஃப்’ என்றே எழுதினார். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தச் சண்டைக்கென்றே ஒரு குறிப்பு எழுதி, பெயர்ச்சொல் வடிவமே மூத்தது என்று சொல்லி, இந்த இருவரையும் சாட்சிக்கு அழைக்கிறது.

பதிப்பாசிரியர்கள் சிலர் ‘ஆஃப்’ இல்லாத வடிவத்தை விரும்புவது உண்மை. இரண்டு சொல் மிச்சம் என்பது அவர்கள் வாதம். அது ருசியைப் பற்றிய விஷயம். நானும் பெரும்பாலும் சிறிய வடிவத்தையே எடுத்துக்கொள்வேன். ஆனால் ருசியை இலக்கணம் என்று சொல்லி அடுத்தவர் தாளில் சிவப்பு மை தெளிக்க முடியாது.

உண்மையில் எங்கே சறுக்குகிறோம்

கூடைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் தவறுகள் தாமாகவே கண்ணில் படும்.

நம் ஊரில் மிக அதிகம் நடப்பது ‘எ’ இல்லாமல் ‘மிரியட் ஆஃப்’ என்று எழுதுவது. ‘தேர் ஆர் மிரியட் ஆஃப் ரீசன்ஸ்.’ ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பொருளின் பெயர் ஒருமையில் மொட்டையாக நிற்காது. முன்னால் எ, ஆன், தி ஆகிய ஆர்ட்டிகிள்களில் ஒன்றோ, மை, திஸ் போன்ற சொல் ஒன்றோ வேண்டும். ‘ஐ பாட் பாஸ்கெட் ஆஃப் மேங்கோஸ்’ என்றால் காதில் உறுத்துகிறது அல்லவா, அதே உறுத்தல்தான் இங்கேயும். ‘ஆஃப்’ வந்துவிட்டாலே மிரியட் கூடையாகிவிட்டது. கூடையானால் ‘எ’ வேண்டும். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பதால் நமக்கு இது விட்டுப்போவது இயல்பு. இரண்டு சரியான வடிவங்களையும் கேட்டிருப்போம். ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டிவிடுகிறோம்.

அடுத்தது, பின்னால் வரும் பெயரை ஒருமையில் விடுவது. ‘மிரியட் ரீசன்.’ இதற்கும் தமிழ்தான் காரணம். ‘ஆயிரம் காரணம்’, ‘பத்து மாடு’, ‘நூறு தேங்காய்’ எல்லாம் நமக்குப் பழுதில்லாத வழக்கு. ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்கும் இப்படிப்பட்ட பெயரைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணம் பெயர் வைத்தே ஏற்றுக்கொள்கிறது. எண் முன்னால் இருக்கும்போது பன்மை என்று தனியாகச் சொல்வானேன் என்பது தமிழின் சிக்கனம். ஆங்கிலம் அந்தச் சிக்கனத்தை அனுமதிக்காது. மிரியட் எந்த வடிவில் வந்தாலும் அடுத்த பெயர் பன்மையில்தான் இருக்க வேண்டும்: ரீசன்ஸ், ப்ராப்ளம்ஸ், கலர்ஸ்.

‘மிரியட்ஸ் ரீசன்ஸ்’ என்றும் சிலர் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் பெயரடைக்குப் பன்மை கிடையாது. ‘ஸ்வீட்ஸ் மேங்கோஸ்’ என்று எழுதுவது எப்படியோ, அப்படி. மிரியட்டில் ‘ஸ்’ சேர்ந்தால் அது கூடைகளாகிவிட்டது, பின்னால் ‘ஆஃப்’ கட்டாயம்.

‘வெரி மிரியட்’, ‘எ மிரியட் நம்பர் ஆஃப்’ இரண்டும் வேண்டாம். எண்ணற்றது என்ற பிறகு ‘மிகவும் எண்ணற்றது’ என்று ஒன்று இல்லை. ‘நம்பர்’ மிரியட்டுக்குள்ளேயே இருக்கிறது.

வினைமுற்றில் ஒரு குழப்பம் உண்டு. ‘எ மிரியட் ஆஃப் ப்ராப்ளம்ஸ்’ என்பதற்குப் பின்னால் ‘ஹேஸ்’ஸா, ‘ஹேவ்’வா? ‘எ’ இருப்பதால் ஒருமை என்று தோன்றும். ஆனால் பேச்சு எதைப் பற்றியது என்று பாருங்கள். பிரச்சினைகள் எழுந்தன என்கிறோமா, பிரச்சினைகளின் கூட்டம் ஒன்று எழுந்தது என்கிறோமா? பெரும்பாலும் முதலாவதுதான். அதனால் ‘ஹேவ்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்’ என்று நாம் பழகியிருக்கும் வாக்கியமும் இதே வழியில்தான் போகிறது. அதையே ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று மாற்றினால் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியதாகிவிடும், உடனே ‘இஸ்’ வந்துவிடும்.

சரியாக இருந்தும் நாம் எழுதத் தயங்கும் வடிவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ‘தி ரீசன்ஸ் ஆர் மிரியட்.’ காரணங்கள் எண்ணற்றவை. பெயரடை வாக்கியத்தின் கடைசியிலும் நிற்கலாம். ‘ஹர் மிரியட் டேலண்ட்ஸ்’, ‘தி மிரியட் ப்ராப்ளம்ஸ் வி ஃபேஸ்’ இவையும் நல்ல ஆங்கிலம்தான்.

சுருக்கமாக: ‘ஆஃப்’ இருந்தால் முன்னால் ‘எ’, இல்லையென்றால் மிரியட்டின் பின்னால் ‘ஸ்’. ‘ஆஃப்’ இல்லாவிட்டால் இரண்டும் வேண்டாம். எப்படியானாலும் பின்னால் வரும் பெயர் பன்மை.

எண்ண முடியாத விண்மீனும் எண்ண முடியாத தண்ணீரும்

இனி ‘மிரியட் இன்ஃபர்மேஷன்’ ஏன் தவறு என்று பார்க்கலாம். இந்த விஷயம் மிரியட்டோடு நின்றுவிடுவதில்லை.

விண்மீன்களை எண்ண முடியாது. தண்ணீரையும் எண்ண முடியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே தொடரைச் சொல்கிறோம். காரணம் வேறு வேறு. விண்மீன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கலாம், முடிக்கத்தான் முடியாது. தண்ணீரை எண்ணத் தொடங்கவே முடியாது. ‘ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர்’ என்றால் யாருக்கும் புரியாது. (டீக்கடையில் “நாலு தண்ணி” என்றால் புரியும். அங்கே எண்ணப்படுவது டம்ளர்.) குடம், லிட்டர், டம்ளர் என்று ஏதாவது ஓர் அளவைக்குள் போட்டால்தான் தண்ணீர் எண்ணிக்கைக்குள் வரும்.

ஆங்கில இலக்கணம் முதல் வகைப் பெயர்களைக் கவுண்டபிள் என்றும், இரண்டாம் வகையை அன்கவுண்டபிள் என்றும் பிரிக்கிறது. ‘கவுண்ட்லெஸ்’ என்பது வேறு. அது முதல் வகைக்குள்ளேயே ‘மிக அதிகம்’ என்று சொல்வது. பெயரில் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். விண்மீன்கள் கவுண்ட்லெஸ், ஆனால் ஸ்டார் என்ற சொல் கவுண்டபிள். ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் இருந்தாலும் வாட்டர் என்ற சொல் அன்கவுண்டபிள்தான். அளவு எவ்வளவு என்பதற்கும் இந்தப் பிரிவுக்கும் தொடர்பே இல்லை. மொழி அந்தப் பொருளை உதிரிகளாகப் பார்க்கிறதா, ஒரே திரளாகப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

இதில் தொல்லை என்னவென்றால், நாம் உதிரியாகப் பார்க்கும் சிலவற்றை ஆங்கிலம் திரளாகப் பார்க்கிறது. தமிழில் தகவல்கள், அறிவுரைகள், சான்றுகள், கருவிகள் என்று தாராளமாகப் பன்மை சொல்லலாம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எவிடன்ஸ், எக்விப்மென்ட் நான்கும் தண்ணீர் ஜாதி. ஃபர்னிச்சரும் அப்படியே. நாலு நாற்காலியும் ஒரு மேசையும் கண் முன்னால் தனித்தனியாக நிற்கும்போது அதை எப்படித் திரள் என்பது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ‘சேர்’ கவுண்டபிள், ‘ஃபர்னிச்சர்’ அன்கவுண்டபிள். இதற்குத் தர்க்கம் தேடிப் பயனில்லை, அந்த மொழிக்காரர்கள் அப்படிப் பழகிவிட்டார்கள். லக்கேஜ், ஹோம்வர்க், ஃபீட்பேக், ரிசர்ச் இவற்றையும் இந்தப் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள். நம் அலுவலகக் கடிதங்களில் உலவும் ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஃபீட்பேக்ஸ்’ எல்லாம் இந்தப் பிரிவு தெரியாமல் முளைத்தவை.

மிரியட்டின் கதைக்கு இது எப்படிப் பொருந்துகிறது? மிரியட் அடிப்படையில் ஓர் எண். எண்ணுவதற்கு உதிரி வேண்டும். பத்தாயிரம் தண்ணீர் இல்லாததைப் போலவே மிரியட் இன்ஃபர்மேஷனும் இல்லை. கவுண்ட்லெஸ், இன்யூமரபிள், மெனி எல்லாவற்றுக்கும் இதே நிபந்தனை. வழி இரண்டு. திரளை உதிரியாக்கலாம்: ‘மிரியட் பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்’. ஆனால் இது படிக்கக் கரடுமுரடாக இருக்கும். அதைவிட, திரளுக்கென்றே உள்ள சொல்லை எடுப்பது மேல்: ‘எ கிரேட் டீல் ஆஃப் இன்ஃபர்மேஷன்’, ‘எ வெல்த் ஆஃப் இன்ஃபர்மேஷன்’. பேச்சு நடையென்றால் ‘எ லாட் ஆஃப்’ போதும். அது உதிரி, திரள் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும்.

பங்காளிச் சொற்கள்

மிரியட்டுக்குப் பதிலாக அகராதியில் கிடைக்கும் சொற்களையெல்லாம் மாற்றி மாற்றிப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். கவுண்ட்லெஸ், இன்யூமரபிள் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. முன்னது எளிய நடை, பின்னது கொஞ்சம் இறுக்கம். இரண்டுமே பெயரடை மட்டும்தான். அதனால் ‘எ கவுண்ட்லெஸ் ஆஃப்’ என்பது உண்மையிலேயே தவறு. ‘ஆஃப் கூடாது’ என்ற விதியை இங்கே கொண்டுவந்து வைத்தால் பொருந்தும். நியூமரஸ் என்பது பல என்று மட்டும் சொல்லும். எண்ண முடியாதது என்ற பொருள் அதில் இல்லை. ஒரு தெருவில் நியூமரஸ் கடைகள் இருக்கலாம், மிரியட் கடைகள் இருக்க வாய்ப்பில்லை.

மிரியட்டுக்கு இன்னொரு சாயலும் உண்டு. அதிகம் என்பதோடு பலவிதம் என்றும் அது சொல்லாமல் சொல்லும். நிறங்கள், வடிவங்கள், காரணங்கள், வழிகள் என்று வகை வகையாக இருப்பவற்றுக்கு முன்னால் அது நன்றாக அமைவது இதனால்தான். ஒரே மாதிரியான செங்கற்கள் ஒரு லோடு கிடந்தால் அதற்கு மிரியட் அவ்வளவாகச் சேராது.

அம்ப்டீன் என்பது நம்மூர் ஆங்கில ஆசிரியர்களின் செல்லச் சொல். “ஐ ஹேவ் டோல்ட் யூ அம்ப்டீன் டைம்ஸ்” என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் வரும் நீளக் கோட்டை ‘அம்ப்டி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். அதோடு தர்ட்டீன், ஃபோர்ட்டீன் என்பவற்றின் ‘டீன்’ சேர்ந்து, முதல் உலகப் போர்க் காலத்து ராணுவக் கொச்சையில் பரவிய சொல் இது. சலிப்பும் எரிச்சலும் அதில் கலந்தே இருக்கும். பேச்சில் அழகு, விண்ணப்பக் கடிதத்தில் வேண்டாம்.

இவற்றுள் அதிகம் அடிபடுவது பிளெத்தோரா. ‘எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு எ பிளெத்தோரா ஆஃப் வாய்ப்புகளை வழங்குகிறது’ என்ற பாணி வாக்கியங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதுவும் கிரேக்கச் சொல்தான். ஆங்கிலத்துக்கு வந்தபோது உடலில் இரத்தம் அளவுக்கு மீறிச் சேர்வதைக் குறிக்கும் மருத்துவச் சொல்லாக இருந்தது. இன்றும் கவனமாக எழுதுபவர்கள் கையில் அதற்குத் ‘தேவைக்கு மேல்’, ‘திகட்டுமளவுக்கு’ என்ற சாயல் உண்டு. விதிமுறைகள் மலிந்து கிடக்கின்றன என்று குறைப்பட்டுக்கொள்ள ‘எ பிளெத்தோரா ஆஃப் ரூல்ஸ்’ பொருத்தம். நல்லது நிறைய இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லவும் அதை எடுப்பது இப்போது பரவலாகிவிட்டது, பிழை என்று அடிக்க முடியாது. ஆனாலும் எனக்கு அது உறுத்தும். இது பெயர்ச்சொல் மட்டும். எப்போதும் ‘எ’யும் ‘ஆஃப்’பும் வேண்டும், ‘பிளெத்தோரா ரூல்ஸ்’ கிடையாது.

இன்ஃபினிட் தனி வகை. அது எண்ணிக்கையைச் சொல்வதில்லை, எல்லையில்லை என்கிறது. அதனால் திரளோடும் சேரும். ‘இன்ஃபினிட் பேஷன்ஸ்’ என்றால் எல்லையற்ற பொறுமை. ‘மிரியட் பேஷன்ஸ்’ என்று எழுத முடியாது.

எழுதும்போது

சரி, இலக்கணம் பழகிவிட்டது. எப்போது எழுதுவது? எண்ணிக்கை கையில் இருந்தால் மிரியட் வேண்டாம். “எங்கள் நிறுவனத்துக்கு மிரியட் கிளைகள் உள்ளன” என்று எழுதுபவரின் நிறுவனத்துக்கு 14 கிளைகள் இருக்கும். 14 என்றே போட்டால் நம்பும்படியும் இருக்கும். விண்ணப்பக் கடிதத்தில் ‘மிரியட் ஸ்கில்ஸ்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு திறமைகூடத் தெரியவராது. மூன்று திறமைகளைப் பெயர் சொல்லி எழுதினால் அந்த மூன்றும் தெரியும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்தச் சொல்லை அள்ளித் தெளிக்கத் தொடங்கிய பிறகு, ஒரே பக்கத்தில் இரண்டு மிரியட் கண்ணில் பட்டால் ‘இதை ஆள்தான் எழுதியதா?’ என்ற சந்தேகமும் சேர்ந்து வருகிறது.

உண்மையில் எண்ணிக்கை நழுவுகிற இடத்தில், வகைகளும் பெருகிக் கிடக்கிற இடத்தில் எழுதுங்கள். பவளப்பாறையில் உள்ள உயிர்கள், ஒரு நகரத்தின் ஓசைகள், ஒரு நோய் வெளிப்படும் விதங்கள். அங்கெல்லாம் ‘மெனி’ என்றால் சப்பென்று இருக்கும், மிரியட் நிற்கும்.

எழுத்துக்கூட்டல் எம்-ஒய்-ஆர்-ஐ-ஏ-டி. நடுவில் ஐ ஒன்றுதான். முதலில் வருவது ஒய். ஒய் இருப்பதைப் பார்த்து மேடையில் ‘மைரியாட்’ என்று முழங்குபவர்கள் உண்டு. மிரக்கிள் என்று சொல்லும்போது வரும் அதே ‘மிர்’தான் இங்கேயும். மிர்-ரி-யட், மூன்று அசை, அழுத்தம் முதலசையில். பழைய கிரேக்கக் கணக்குப்படி பார்த்தால் அது பத்தாயிரத்துக்கு உரிய அழுத்தம்; ஆங்கிலத்தில் அந்தக் கவலை வேண்டாம்.